எந்த விடைக்கும் மதிப்பெண்

எந்த விடை எழுதினாலும் மதிப்பெண் கிடைக்கும் வினாவைக் கேட்டுவிட்டு, வகுப்பு முழுவதும் தேறிவிட்டதென்று மகிழ்வதில் பொருளில்லை. வினாத்தாள் அமைப்போர் அனைவரும் அறிந்த உண்மை இது. தமிழ் கற்பிக்கும் நாம் மென்பொருள் உலகைப் பற்றிப் பேசத் துணிவது இந்த அனுபவத்தின் பலத்தில்தான்.

மென்பொருளைச் சோதிக்கும் பணியை நிறுவனங்கள் இன்று பெரிதும் நிரல்களிடமே ஒப்படைத்துள்ளன. அதில் ஒரு நிறுவனம் எவ்வளவு முதிர்ந்துள்ளது என்று அளக்கப் படிநிலைகளும் உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிலையம் 1991-இல் வெளியிட்ட ஐந்து படி மாதிரி இவற்றுக்கு முன்னோடி. 1996-இல் இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தார் சோதனைக்கெனவே ஐந்து படிகளை வகுத்தனர். படிகள் வீண் என்று நாம் சொல்லவில்லை. ஒழுங்கற்றுக் கிடந்த பணிக்கு அவை ஒழுங்கு தந்தன. ஆனால் நடைமுறையில் மதிப்பீடு வெறும் எண்ணிக்கையாகச் சுருங்கிவிடுகிறது: எத்தனை சோதனைகள் தானாக ஓடுகின்றன, நூற்றுக்கு எத்தனை தேறின?

2024 ஜூலை 19-ஐப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். கிரவுட்ஸ்டிரைக் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பினால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமானங்கள் நின்றன; மருத்துவமனைகள் தடுமாறின. அங்கே தானியங்கிச் சோதனை இல்லாமலில்லை. அந்நிறுவனமே வெளியிட்ட அறிக்கையின்படி, கோப்பின் அமைப்பில் வரையறுக்கப்பட்டவை 21 உள்ளீடுகள். நிரல் தந்தவையோ 20. முந்தைய சோதனைகளில் 21-ஆம் இடத்தில் எதையும் ஏற்கும் பொதுக்குறியே இருந்ததால் இந்தக் குறை வெளிப்படவில்லை. புதிய கோப்பைச் சரிபார்த்த நிரலும் 21 வருமென்றே நம்பி அதைத் தேறவைத்தது. எந்த விடைக்கும் மதிப்பெண் தரும் வினா என்று நாம் சொன்னது இதைத்தான்.

ஆகவே முதிர்ச்சியை அளக்க வருவோர் முதலில் கேட்க வேண்டியது வேறு: உங்கள் சோதனைகள் கடைசியாக எப்போது ஒரு பிழையைப் பிடித்தன? நிரலில் வேண்டுமென்றே சிறு பிழைகளை நுழைத்து, சோதனைகள் அவற்றைக் கண்டுகொள்கின்றனவா என்று பார்க்கும் முறை 1970-களிலேயே முன்வைக்கப்பட்டது. அதற்குக் காலமும் கணினி ஆற்றலும் மிகுதியாகத் தேவை. தேர்ச்சி விழுக்காடும் குறையக்கூடும். அந்தக் குறைவைத் தன் அறிக்கையில் மறைக்காமல் எழுதும் நிறுவனத்தையே முதிர்ந்தது என்போம்.

மாணவரைத் தேர்வு சோதிக்கிறது. தேர்வை யார் சோதிப்பது? ஆசிரியர்களாகிய நாமும் நம் வினாத்தாள்களை எடுத்துவைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.