நிமிர்ந்து உட்கார் என்று அதட்டியவள் எழுதுகிறேன்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். வயது 42. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன் 46 டிகிரி, இப்போது 52. ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறாள். வீட்டில், "இத்தனை வருஷம் இருந்தாச்சு, இப்ப எதுக்கு?" என்கிறார்களாம்.

ஏழாம் வகுப்பில் அவளைக் "கூன் போடாதே" என்று அதட்டியவள் நான். உட்காரும் விதத்தால் வருவதல்ல அது. குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்திருந்தால் ஒரு பக்க முதுகு மேடாகத் தெரிந்திருக்கும். எங்கள் ஆசிரியர் பயிற்சியில் இதை யாரும் சொல்லித்தரவில்லை.

50 டிகிரியைத் தாண்டிய வளைவு, வளர்ச்சி நின்றபின்னும் மெல்லக் கூடலாம். அதனால் 'இப்ப எதுக்கு' என்று தள்ளிவிட முடியாது. (எண்ணெய் தேய்த்தால் நிமிரும் என்று சொல்ல வரும் அத்தைமார்கள் பொறுக்கவும்.) ஆனால் இந்த வயதில் முதுகு இறுகியிருக்கும். கம்பியும் திருகாணியும் வைத்து எலும்புகளை இணைத்துவிட்டால் அந்த இடம் பிறகு வளையாது. தேற ஒரு வருடம்கூட ஆகலாம், மறு ஆபரேஷனும் வரலாம். வெறும் தோற்றத்துக்காக என்றால் வேண்டாம் என்பேன். இவளுக்கோ அடுப்படியில் பத்து நிமிடம் நிற்க முடியவில்லை. இன்னொரு முதுகெலும்பு டாக்டரிடமும் கேள், எலும்பு அடர்த்தியைச் சோதித்துக்கொள், பிறகு நீயே முடிவெடு என்றேன்.

மன்னிப்பும் கேட்டேன். "அதை விடுங்க டீச்சர், கூட வருவீங்களா?" என்றாள். வியாழக்கிழமை போகிறோம்.