எமனாபீஸில் ஒரு கிளரிக்கல் மிஸ்டேக்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீயமங்கலம் போயிருந்தேன். செஞ்சிக்கும் வந்தவாசிக்கும் இடையில் தேசூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதற்குப் பக்கம். செஞ்சிக் கோட்டையில் மூச்சிரைக்க ஏறி, போட்டோ பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் இந்தப் பக்கம் அநேகமாக எட்டிப் பார்ப்பதில்லை. கூட வந்த நண்பர், ஒரு காலத்தில் என்னோடு ஒரே ஆபீஸில் குப்பை கொட்டியவர், ‘‘ஒரு நாள் லீவு. அதுலயும் வெயில்ல பாறையைப் பார்க்கக் கூட்டிட்டு வந்துட்டியே, நீ உருப்படுவியா?’’ என்றார். திரும்பும்போது ஆரணி பிரியாணி என்று சத்தியம் செய்த பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

பாறையைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் செய்த சிவன் கோயில். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். அவனிபாஜன பல்லவேஸ்வரம் என்று பெயர். ஊர்க்காரர்கள் தூணாண்டார் கோயில் என்கிறார்கள். ஒரு தூணின் மேல்பக்கம் சின்னதாக ஒரு நடராஜர். தமிழ்நாட்டில் கல்லில் செதுக்கிய நடராஜர்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. பாஸ்போர்ட் ஸைஸ் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தேடித்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு நடராஜரைவிட ராஜா மேல்தான் கண். இந்த மகேந்திரவர்மன் சமணனாக இருந்து, அப்பரால் சைவனானவன் என்பது பெரிய புராணத்தை ஒட்டி நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது. ஆசாமி காமெடி டிராமா எழுதுகிறவன் என்பதைப் பள்ளிக்கூடத்தில் அழுத்திச் சொல்லவில்லை. ‘மத்தவிலாசம்’ அவன் எழுதியது. ‘பகவதஜ்ஜுகம்’ என்று இன்னொரு ஸம்ஸ்கிருத நாடகம் உண்டு. அதைப் போதாயனர் எழுதினார் என்பார்கள் ஒரு கட்சி. மாமண்டூர் குகைக் கல்வெட்டில் இரண்டு நாடகத்தின் பெயரும் வருகிறதே, அதனால் இதுவும் ராஜா எழுதியதுதான் என்பார்கள் மறு கட்சி. நான் ராஜா கட்சி. காரணம் ஒன்றுமில்லை, கதை பிடித்திருக்கிறது.

கதை இதுதான். ஒரு சாமியார், அவருக்கு ஒரு சோத்து சிஷ்யன். ஆத்மா வேறு, உடம்பு வேறு என்று குரு பாடம் நடத்த, சிஷ்யனுக்கு அடுத்த வேளைச் சாப்பாட்டில்தான் ஞாபகம். அந்தத் தோட்டத்துக்குக் காதலனை எதிர்பார்த்து வசந்தசேனை என்கிற தாசி வருகிறாள். எமதூதன் பாம்பாக வந்து கடித்து அவள் உயிரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். சிஷ்யன் அழுகிறான். அவனுக்குப் பிராக்டிகலாகவே நடத்திக் காட்டுவோம் என்று சாமியார் தன் உடம்பை விட்டு அவள் உடம்பில் புகுந்துவிடுகிறார். நம் ஊரில் இதற்குக் கூடு விட்டுக் கூடு பாய்தல் என்று பெயர். திருமூலர் மாடு மேய்க்கும் மூலன் உடம்பில் புகுந்தாரே, அது.

செத்தவள் எழுந்து வேதாந்தம் பேசுகிறாள். அம்மாக்காரி பதறுகிறாள், காதலன் முழிக்கிறான், வந்த வைத்தியருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. இதற்கிடையே எமன் ஆபீஸில் தூதனுக்குச் செமத்தியான டோஸ். ‘‘நான் சொன்னது வேற வசந்தசேனை!’’ பெயரை மட்டும் பார்த்துத் தூக்கி வந்துவிட்டான் மடையன். உயிரைத் திருப்பிக் கொண்டுவந்து பார்த்தால் உடம்பில் ஆள் இருக்கிறது. சரி என்று காலியாகக் கிடந்த சாமியார் உடம்பில் அவள் உயிரைப் போட்டுவிட்டுப் போகிறான். சாமியார் எழுந்து காதலனைத் தேடி, கள்ளும் கேட்கிறார்! கடைசியில் தூதனே வந்து மாற்றி வைக்கிறான். எல்லாம் சுபம்.

நண்பர் பாறையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். நானும்தான். ஆனால் இந்தக் கதையை முதல் தடவை படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அப்பா ஓர் ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில். வெளியே வராந்தாவில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர், பாயும் ஃபிளாஸ்க்குமாக. பக்கத்தில் ஒரு பையன், இருபது வயசிருக்கும். மூன்று நாளாக அவன் டீயைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன். அவன் அப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் ஒரே பெயர், ஒரே இனிஷியல். ‘‘அண்ணே, மருந்தைக் கூட மாத்திக் குடுத்துடுவாங்க போல’’ என்று சிரிப்பான்.

ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு நர்ஸம்மா வந்து பெயரைச் சொல்லி, ‘‘அட்டெண்டர் யாரு?’’ என்றார். நான் எழுந்தேன். பையன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். பேப்பரில் கையெழுத்து வேண்டும் என்றார்.

நான்கைந்து நிமிஷம் இருக்கும். அந்த நேரத்தில் ஆத்மா, பரமாத்மா ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, அம்மாவிடம் யார் சொல்வது, ஊருக்கு வண்டி. பி.காம். புத்தி. பேனாவைத் திறந்துவிட்டேன். அவர் பேப்பரைப் பார்த்து, ‘‘வயசு ஐம்பத்தாறுதானே?’’ என்றார்.

‘‘அறுபத்தாறு.’’

‘‘அப்ப நீங்க இல்ல சார்.’’

கை கூப்பி ‘‘ரொம்ப தேங்க்ஸ் ஸிஸ்டர்’’ என்றேன். நிஜமாகவே சொன்னேன். சத்தமாகவும் சொல்லியிருக்க வேண்டும். திரும்பினால் பையன் எழுந்து பாயில் உட்கார்ந்திருக்கிறான்.

அவனிடம் நான் ஒன்றும் பேசவில்லை. காலையில் போய்விட்டார்கள். ஃபிளாஸ்க்கை மறந்து விட்டுவிட்டான்.

சீயமங்கலத்தில் பாறைக்கு மேலே இன்னொரு சமாசாரம் இருக்கிறது. சமணர்களின் குகை. பார்சுவநாதர், கொடி சுற்றி நிற்கிற பாகுபலி எல்லாம் பாறையில் புடைப்பாக இருக்கிறார்கள். இது மகேந்திரவர்மனுக்குப் பிந்திய வேலை. சமணர்களின் ஆத்மக் கணக்கு எங்களைப் போன்ற காமர்ஸ்காரர்களுக்குச் சட்டென்று புரியும். எறும்புக்கும் யானைக்கும் ஒரே மாதிரி உயிர்தான். விளக்கு வெளிச்சம் அறைக்குத் தக்கபடி பரவுகிற மாதிரி, உடம்புக்குத் தக்கபடி பரவிக்கொள்ளும். செய்கிற ஒவ்வொரு வினையும் நுண்ணிய தூசாக வந்து அதில் ஒட்டுகிறது. வந்து சேர்வது வரவு, ஒட்டிக்கொண்டது நிலுவை. புது வரவை நிறுத்தவும், பழைய நிலுவையைத் தள்ளுபடி செய்யவும் தனித்தனி வழி சொல்கிறார்கள். பௌத்தர்களோ கணக்கு தொடரும், ஆனால் கணக்குதாரர் என்று நிலையாக ஒருத்தர் கிடையாது என்பார்கள். இதற்காகவே நீலகேசி அவர்களோடு வரிந்துகட்டிக்கொண்டு வாதம் செய்கிறாள்.

சமணத்தில் எனக்குப் பிடித்த இடம், அவர்களுக்கு எமனாபீஸ் தேவையில்லை. கணக்கை வேறு யாரும் எழுதுவதில்லை. அவரவர் லெட்ஜர் அவரவர் உயிரிலேயே. பெயர் மாற வழியே இல்லை. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் ஒரு பழைய கல்வெட்டு, சந்திரநந்தி என்கிற ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் விட்டதைச் சொல்கிறது. ஆள் பெயரும் நாள் கணக்கும் பாறையில். குழப்பமே கிடையாது. ஆனால் அந்தத் துல்லியத்தில் எனக்குக் கொஞ்சம் பயமும் உண்டு. என் லெட்ஜரில் அந்த ‘தேங்க்ஸ்’ எந்தப் பக்கம் ஏறியிருக்கும் என்று தெரியவில்லை.

நண்பர் ‘‘பிரியாணி தீர்ந்துடும்ப்பா’’ என்றார். இறங்கினோம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் வசந்தசேனை கதையைச் சொன்னேன். இப்போது எழுபத்து மூன்று. அந்த ராத்திரி வராந்தாவில் நடந்தது அவருக்குத் தெரியாது, நான் சொன்னதில்லை. சாமியார் கள் கேட்கிற இடத்தில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ‘‘ஏண்டா, அந்த இன்னொரு வசந்தசேனை என்ன ஆனா?’’ என்றார.

‘‘அவ மேடைக்கு வரலப்பா.’’

‘‘வரணுமேடா’’ என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.