உயிருக்கு வருமான வரம்பா?



ஆஸ்பத்திரிச் செலவுக்காக அரை ஏக்கரை அடமானம் வைத்தவர்கள் நம்ம ஊரில் எத்தனை பேர்? அதைத் திருப்பியவர்கள் எத்தனை பேர்?

இந்தக் கொடுமை தீரத்தான் இன்சூரன்ஸ் என்றார்கள். ஆனால் கார்டு வாங்கப் போனால் முதல் கேள்வி, "வருமானச் சான்று எங்கே?"

2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாய். பிறகு 1,20,000 ஆக்கினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 328 ரூபாய். நாலு பேர் இருந்தால் தலைக்கு 82 ரூபாய். அதற்கு மேல் வந்தால் நாம ஏழை இல்லையாம்!

மாதச் சம்பளக்காரருக்கு வருமானம் இவ்வளவு என்று சொல்லலாம். நமக்கு? கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு வந்த தொகை முழுதும் வருமானமா? உழவு, நடவு, உரம், மருந்து, அறுவடை மெஷின் வாடகை, வட்டி போக மிஞ்சுவதுதானே வருமானம்? ஒரு வருஷம் விளையும், மறு வருஷம் மழையில் போகும். நோய் அதைப் பார்த்தா வரும்?

மத்திய அரசும் சளைத்ததல்ல. குடும்பத்துக்கு 5 லட்சம் என்று 2018-ல் தம்பட்டம் அடித்தார்கள். பயனாளிகளை எடுத்ததோ 2011 கணக்கெடுப்பிலிருந்து! அதில் விட்டுப்போன ஏழை என்ன பாவம் செய்தார்?

கேட்டால் "கஜானா தாங்காது" என்கிறார்கள். 2019-ல் கம்பெனிகளுக்கு வருமான வரியை 22 சதமாகக் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1,45,000 கோடி வரவு குறையும் என்று நிதியமைச்சரே சொன்னார். அதைத் தாங்கிய கஜானா நம்ம ஆபரேஷனைத் தாங்காதா? 2025-க்குள் சுகாதாரத்துக்கு நாட்டு உற்பத்தியில் 2.5 சதம் செலவழிப்போம் என்று 2017-ல் கொள்கை எழுதியதும் இவர்கள்தான். கெடு தாண்டிப் போச்சு, சொன்ன பணம் வரவில்லை.

"வசதி உள்ளவனும் நுழைந்துவிடுவான்" என்கிறார்கள். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசிக்கு யாரும் வருமானச் சான்று கேட்பதில்லை. அதனால் நாடு கெட்டா போச்சு? அரிசிக்கு வேண்டாத சான்று உயிருக்கு எதற்கு?

தமிழக அரசே! அரிசி கார்டு உள்ள எல்லாக் குடும்பத்துக்கும் காப்பீடு கொடு!

அதுவரை, சாகுபடிச் செலவைக் கழித்து வருமானச் சான்று கொடு!

மத்திய அரசே! பழைய பட்டியலைக் காட்டி நிதியைக் குறைக்காதே!

ஊர்க்கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதுவோம்! ரேஷன் கார்டு நகலோடு தாலுகா ஆபீஸ் முன் திரள்வோம்! குடும்பத்தோடு வாரீர்!

இவண்,
விவசாயிகள் சங்கம்