மரத்திற்கோர் அத்தாட்சி

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பது நம் நாட்டுப் பழமொழி. வைத்தவனைப் பற்றி இவ்வளவு நம்பிக்கையுடன் பேசிய நம் முன்னோர், வெட்டியவன் யார் என்பதைக் குறித்து அதிகம் விசாரித்ததாகத் தெரியவில்லை. இக்காலத்திலோ அக்கேள்வியே வாணிப உலகில் பெரிதாய் எழுந்து நிற்கின்றது. ஒரு நாற்காலியை வாங்க வரும் மேல்நாட்டு வியாபாரி அதன் விலையோடு அதன் ஜாதகத்தையும் கேட்கின்றான். எக்காட்டு மரம்? எவன் வெட்டினான்? எவ்வுரிமையால் வெட்டினான்? இவற்றிற்கு விடையாக மரச்சாமான் கம்பெனியார் நீட்டும் அத்தாட்சிப் பத்திரத்தை அவர்கள் தாமே உள்ளூர எவ்வாறு மதிக்கின்றனர் என்பதைப் பற்றி நம் கருத்தைச் சிறிது கூற விரும்புகின்றோம்.

1992ஆம் ஆண்டு ரியோ டி ஜனீரோ நகரில் கூடிய உலக மகாநாட்டில், காடுகளைக் காப்பதற்கு எல்லாத் தேசங்களையும் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையொன்றும் ஏற்படாது போயிற்று. சர்க்கார்கள் செய்யாததைத் தாமே செய்வோம் என்று வன அபிமானிகளும் வியாபாரிகளும் ஆதிக்குடிகளின் பிரதிநிதிகளும் 1993இல் கனடா தேசத்து டொராண்டோவில் கூடி, எப்.எஸ்.சி. என வழங்கும் சபையை நிறுவினர். 1999இல் ஐரோப்பாவின் சிறு காட்டுடைமையாளர் பி.ஈ.எப்.சி. என்னும் வேறோர் ஏற்பாட்டைக் கண்டனர். காட்டைப் பரிசோதித்து நற்சான்று அளிப்பது இவற்றின் ஒரு பாதி வேலையே. மற்றொரு பாதி, மரம் கைமாறும் வழியைக் காப்பது. அறுப்பாலையார், பலகை வியாபாரி, சாமான் செய்வோர் என அம்மரத்தை உடைமையாக ஏற்கும் ஒவ்வொருவரும் தனித்தனியே சான்று பெற்றிருத்தல் வேண்டும். நடுவில் ஒரு கண்ணி அறுந்ததாயின், அதற்கப்பால் அச்சரக்கு முத்திரைக்கு உரியதன்று. 'கலப்பு' என்றொரு முத்திரையும் உண்டு. அதில் மரம் முழுவதும் சான்று பெற்ற காட்டினது என்று கொள்ளலாகாது. வாங்குவோர் இதனைப் படிக்கின்றனரா என்பது நமக்கு ஐயமே.

கம்பெனிகள் இதனை நாடுவது காட்டின்மீது கொண்ட காதலாலா? சிலரிடத்து அதுவும் உண்டு; இல்லையென்று சொல்வது அநியாயம். ஆயினும் பெரும்பாலோர்க்கு இது வாயிற்சீட்டு. இங்கிலாந்தில் பி அண்ட் க்யூ என்னும் பெருங்கடையாரை, உமது கடையில் வெப்பமண்டல மரம் எவ்வளவு உள்ளது என்று 1990ஐ ஒட்டி ஒரு பத்திரிகையாளர் வினவ, அவர்களால் விடை கூற இயலவில்லையாம். அந்த வெட்கமே பின்னர் அவர்களை இவ்வியக்கத்தின் முன்னணிக்குக் கொணர்ந்தது. வெட்கத்தினும் வலியது அச்சம். அமெரிக்காவில் 1900இல் எழுந்த லேசி சட்டம் 2008இல் மரங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ரஷ்யாவின் கீழ்க்கோடியில் களவாக வெட்டிய மரத்தினாலான தரைப்பலகைகளை இறக்குமதி செய்த லம்பர் லிக்விடேட்டர்ஸ் என்னும் கம்பெனி, 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 130 லட்சம் டாலருக்கு மேல் தண்டனைப் பணம் கட்டிற்று. இத்தகைய செய்தியைக் கேட்ட முதலாளி, சான்றுக்குக் கட்டும் தொகையைக் காப்புறுதிப் பணமாகவே எண்ணுவான்.

ஆனால் அவன் எதிர்பார்த்த அதிக விலை பெரும்பாலும் கைக்கு வருவதில்லை. முத்திரையைக் கேட்கும் வியாபாரி அதற்கென ஒரு காசு கூட்டித் தரத் தயங்குகின்றான். போதாததற்கு, மரம் வளர்ந்த நிலத்தையே பூகோளக் குறியிட்டுக் காட்டவேண்டுமென்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றிற்று. அமலுக்கு வரும் நாள் ஒருமுறைக்கு மேல் தள்ளி வைக்கப்பட்டபோதிலும், சான்றுப் பத்திரம் ஒன்றினாலேயே அக்கடமை தீராது என்பது அச்சட்டத்தின் கொள்கை. பணமும் கொடுத்து, பத்திரமும் பெற்று, மறுபடியும் நிரூபிக்க வேண்டுமா என்று கம்பெனியார் முணுமுணுப்பதில் நியாயம் இல்லாமலில்லை.

நம் தேசத்தில் இச்சுமை யார் தலையில் இறங்கிற்று என்பதற்கு வடநாட்டு ஷீஷம் மரமே சாட்சி. நம் ஈட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்த இது, வயல் வரப்புகளிலும் சாலையோரங்களிலும் தாராளமாய் வளர்வது. 2016இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் கூடிய சர்வதேச மகாநாடு அவ்வினம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலிற் சேர்த்தது. 2017 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 1000 கோடி ரூபாய் அளவிலிருந்த ஏற்றுமதி 500, 600 கோடிக்கு இறங்கிற்றென்றும், 50,000 கைவினைஞர் பாதிக்கப்பட்டனரென்றும் மத்திய சர்க்கார் அறிவித்தனர். மரம் சட்டப்படி வந்ததே என்பதற்குக் கைவினைப் பொருள் ஏற்றுமதி அபிவிருத்திச் சபை வழங்கும் 'விருக்ஷ்' என்னும் சான்றே அத்தொழிலுக்கு ஊன்றுகோலாயிற்று. 2022 நவம்பரில் பனாமா மகாநாட்டில், ஒவ்வொன்றும் 10 கிலோவுக்குக் குறைந்த சாமான்களுக்குத் தளர்வு கிடைத்தது. சகாரன்பூரில் உளி பிடித்துச் சித்திரம் செதுக்குவோன் எந்தக் காட்டையும் அழித்தவனல்லன். எனினும் முதலில் வேலையிழந்தோர் அவன் போன்றவரே.

ஆதலின் இம்முத்திரை வெறும் வேஷமென்று ஒதுக்குவாரோடு நாம் சேரோம். கேள்வி கேட்பாரற்ற பழைய நிலைமை இதனினும் கொடியது. முத்திரையிருக்கக் குறையேது என்பாரோடும் சேரோம். பரிசோதிக்கப்படுவோனே பரிசோதகனுக்குக் கூலி கொடுக்கின்றான் என்ற ஊனம் இதன் அடிமரத்திலேயே உள்ளது. ருமேனியாவில் பெரு வியாபாரம் நடத்திய ஆஸ்திரிய நாட்டு ஷ்வைகோபர் கம்பெனியோடு எப்.எஸ்.சி. 2017இல் உறவை முறித்துக்கொண்டது உண்மையே. அதற்கு முந்திய ஆண்டுகளில் முத்திரையும் அவர்களிடமே இருந்தது. நம் துணிபு யாதெனின், சான்றின் செலவை முத்திரை கேட்கும் வியாபாரியே விலையில் ஏற்றுத் தரவேண்டும். சிறு தச்சரும் குடியானவரும் ஒருவரோடொருவர் கூடி ஒரே சான்றைப் பெறும் வழி, ஏட்டளவில் நில்லாது, அவர்கள் வாசலுக்கே வரவேண்டும். மத்திய சர்க்கார் 2023 டிசம்பரில் தொடங்கிய இந்திய வன, மரச் சான்றுத் திட்டம் இதனைச் செய்யுமாயின் பெரும்பயனாகும்.

பிறரைச் சொல்வானேன்? சென்ற ஆண்டு நம் கலாசாலைக்குப் புதிய பெஞ்சுகள் வாங்கியபோது விலைப்பட்டியல்கள் மூன்று வந்தன. உயரம், அகலம், மெருகு, விலை எல்லாம் எழுதியிருந்தன. மரம் எவ்விடத்தது என்று எதிலும் ஒரு சொல் இல்லை. நாமும் கேட்டோமில்லை, குறைந்த விலைக்கு உத்தரவு போயிற்று. அடுத்த முறை அனுப்பும் கடிதத்தில் அக்கேள்வியை இரண்டு வரியிற் சேர்க்குமாறும், அதன் பொருட்டு விலை சிறிது ஏறினால் பொறுத்துக்கொள்ளுமாறும் நிர்வாகத்தாரை வேண்டுகின்றோம். தூத்துக்குடித் துறைமுகத்திலும் செங்கோட்டை அறுப்பாலைகளிலும் மர வியாபாரம் நடத்தும் பழைய மாணவர் எவரேனும் இதனைப் படிப்பின், நாம் கூறியதில் பிசகிருந்தால் அடுத்த மலருக்கு மறுப்பு எழுதி அனுப்புவாராக.