நெல் விளையாத மலையில் ஏன் பொங்கல்?

ஒவ்வொரு ஜனவரியிலும் நம் பள்ளிகளில் பொங்கல் பொங்குகிறது. மாணவிகள் பாவாடை தாவணியிலும் மாணவர்கள் வேட்டி சட்டையிலும் வருகிறார்கள். கரும்பு கட்டுகிறோம், கோலப் போட்டி வைக்கிறோம், பால் பொங்கும்போது ‘பொங்கலோ பொங்கல்’ என்று ஒன்றாகக் குரல் கொடுக்கிறோம். மாலைக்குள் படங்கள் புலனக் குழுக்களில் வந்துவிடுகின்றன. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இத்தனை ஆண்டுகளில் அந்த விழாவில் ஒரு மாணவர் எழுந்து ‘ஏன்?’ என்று கேட்டதுண்டா? அதற்குப் பெரியவர் ஒருவர் நின்று பதில் சொன்னதுண்டா?

பண்டிகையை எப்படிச் செய்வது என்று நமக்குக் கற்றுத் தருகிறார்கள். ஏன் செய்கிறோம் என்று கேட்க நேரம் ஒதுக்குவதில்லை. இந்தப் பாதிக் கல்வி போதாது என்பதே என் கருத்து. குறிப்பாக, தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது போதவே போதாது.

கட்டுரையில் இல்லாத பதில்

நான் கேமரன் மலையில் கியா பார்மைச் சேர்ந்தவள். பிரிஞ்சாங்கைத் தாண்டி மேலே ஏறினால் வரும் ஊர். சுற்றுலாப் பயணிகளுக்கு அது காய்கறிச் சந்தை. எங்களுக்கு அது தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் வழி. என் பாட்டி கொழுந்து பறித்தவர். அப்பா சந்தையில் காய்கறிக் கடையில் வேலை செய்கிறார். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கும் எங்கள் ஊரில் தேயிலை விளையும், முட்டைக்கோஸ் விளையும், ஸ்ட்ராபெரி விளையும். நெல் விளையாது.

என் தங்கை தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது பொங்கலைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். உழவர்கள் தங்கள் வயலில் விளைந்த புத்தரிசியைப் பொங்கிச் சூரியனுக்கு நன்றி சொல்வார்கள் என்று தொடங்கும் கட்டுரை. நீங்களும் எழுதியிருப்பீர்கள். நடுவில் நிறுத்திவிட்டுப் பாட்டியிடம் கேட்டாள்: “நம்ம வீட்டுல யாரு பாட்டி உழவரு? இங்கதான் வயலே இல்லையே!”

பாட்டி சொன்னார்: “எங்கப்பா சேலத்துப் பக்கம். அங்க அடுத்தவங்க வயல்லதான் அறுப்பு அறுத்தாரு. அறுத்த நெல்லு அவருக்குக் கெடையாது. இங்க கடையில வாங்குன அரிசிதான், ஆனா சொந்தக் காசுல வாங்குனது. அதான் பொங்கலுக்கு மொத கை அரிசிய அவரேதான் பானையில போடுவாரு. வேற யாரையும் போட விடமாட்டாரு.”

தங்கை விடவில்லை. பனி மூடிச் சூரியனே தெரியாவிட்டால் எந்தப் பக்கம் பார்த்துப் பொங்குவீர்கள் என்று கேட்டாள். “பேக்டரிக்குப் பின்னால இருக்குற மலைதான் கெழக்கு. அதப் பாத்து அடுப்பு வச்சிருவோம். சூரியன் பொறுமையா வரட்டும்” என்றார் பாட்டி.

இரண்டு கேள்விகளில் எங்கள் குடும்பத்தின் நூற்றாண்டுக் கதை வெளியே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பதில்கள் கட்டுரையில் இடம்பெறவில்லை. கட்டுரையின் அமைப்பு ஏற்கனவே கரும்பலகையில் எழுதித் தரப்பட்டிருந்தது. அதில் சேலத்துக்கும் பேக்டரி மலைக்கும் இடமில்லை.

லயத்தில் கற்ற பண்டிகை

பாட்டி சொன்னதற்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கப்பட்டது. கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆள் திரட்டி வந்த காலம் அது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவி பெற்றுத் தொழிலாளர்கள் செல்வதைத் தடை செய்தது. அப்படி வந்தவர்களில் பலர் நிலமில்லாத கூலிகள், சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள். அவர்கள் பொங்கிய பொங்கலில் விட்டு வந்த ஊரின் நினைவும் இருந்தது, விட்டு வந்ததில் கிடைத்த நிம்மதியும் இருந்தது.

மலாய் ஐக்கிய மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அங்கே பள்ளி வைக்க வேண்டும் என்றது. பிள்ளைகள் எழுத்தைப் பள்ளியில் கற்றார்கள். பண்டிகையை லயத்தில் கற்றார்கள். அதற்குத் தனியே வாத்தியார் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் கோலம் போடுவதைப் பார்த்தார்கள், மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதைப் பார்த்தார்கள், கேட்டார்கள், திட்டு வாங்கினார்கள், தெரிந்துகொண்டார்கள்.

இன்று தேயிலை மலைகளில் கொழுந்து எடுப்போரில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் குடும்பங்கள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் ஷா ஆலாமிலும் அடுக்குமாடி வீடுகளில் இருக்கின்றன. எதிர்வீட்டுக்காரர் யார் என்று தெரியாத இடத்தில் பக்கத்து வாசலைப் பார்த்துப் பண்டிகை கற்க முடியாது. லயம் செய்த வேலை முழுவதும் இப்போது பள்ளியின் தலையில் விழுந்திருக்கிறது. பள்ளியோ பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறது.

வெளியே யாராவது கேட்பார்கள்

இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் இந்தக் குறை தெரியத் தொடங்கும். பொங்கல் நம் நாட்டில் தேசியப் பொது விடுமுறை அல்ல. வகுப்புக்கு வராவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். மலாய்த் தோழியோ சீனத் தோழனோ ‘பொங்கல் என்றால் என்ன?’ என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்பார்கள். நம்மில் பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: அறுவடைத் திருநாள். ‘உங்கள் வீட்டில் என்ன அறுவடை செய்கிறீர்கள்?’ என்று அடுத்த கேள்வி வந்தால் பேச்சு நின்றுவிடும்.

2020 ஜனவரியில் பள்ளிகளில் பொங்கல் கொண்டாட்டம் குறித்துக் கல்வி அமைச்சின் கடிதம் ஒன்று வெளியானதை நினைத்துப் பாருங்கள். பொங்கல் சமய விழாவா, பண்பாட்டு விழாவா என்று நாடே விவாதித்தது. தலைவர்கள் அறிக்கை விட்டார்கள். ஆனால் தினமும் மற்ற இன நண்பர்களோடு உட்கார்ந்து படிக்கும் நாம்தான் அந்தக் கேள்விக்கு வகுப்பறையில் பதில் சொல்ல வேண்டியவர்கள். கோயிலில் பொங்கும் தமிழரும் உண்டு, தேவாலயத்தில் பொங்கும் தமிழரும் உண்டு என்பதை விளக்க, கரும்போடு எடுத்த படம் உதவாது.

மறந்துபோன பெற்றோர், கேட்கும் பிள்ளைகள்

‘பெற்றோருக்கே தெரியாது, பிள்ளைக்கு யார் சொல்வது?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதே சிக்கலை நம்மைவிடக் கடுமையாகச் சந்தித்த மக்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் புலம்பெயர்வு பற்றிய ஒரு பாடத்தில்தான் அவர்களைப் பற்றிப் படித்தேன். அவர்கள் சோவியத் ஒன்றியத்திலிருந்து வெளியேறிய ரஷ்ய மொழி பேசும் யூதர்கள். இஸ்ரேல் அரசின் அரசியல் வேறு. அதில் என் நிலைப்பாடும் உங்கள் நிலைப்பாடும் தனி. இங்கே நான் பேசுவது சாதாரணக் குடும்பங்களைப் பற்றி.

சோவியத் ஆட்சியில் எபிரேய மொழி கற்பிப்பது ஒடுக்கப்பட்டது. தொழுகைக் கூடங்கள் பல மூடப்பட்டன. பாஸ்கா பண்டிகைக்கு வேண்டிய புளிக்காத அப்பத்தை அரசு அடுமனைகளில் சுடுவதுகூட 1962இல் தடுக்கப்பட்டது. உள்நாட்டுக் கடவுச்சீட்டில் இனம் ‘யூதர்’ என்று எழுதியிருக்கும். ஆனால் யூதப் பண்டிகை எப்போது வரும் என்று அந்தக் கடவுச்சீட்டை வைத்திருந்த பலருக்குத் தெரியாது. 1989க்குப் பிறகு கதவு திறந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இஸ்ரேலுக்குப் போனார்கள். அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் போனவர்களும் ஏராளம்.

அங்கே பிள்ளை பாலர்பள்ளியில் பண்டிகையைக் கற்று வீட்டுக்குக் கொண்டுவந்தது. பெற்றோர் பிள்ளையிடம் கற்றார்கள். வழக்கமாகப் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வர வேண்டியது, பல வீடுகளில் பேத்தியிடமிருந்து பாட்டிக்குப் போனது. இதற்கு அவர்களின் மரபிலேயே ஒரு வசதி இருந்தது. பாஸ்கா இரவு விருந்தில் வீட்டின் கடைசிப் பிள்ளைதான் கேள்வி கேட்க வேண்டும். மற்ற நாள்களில் இல்லாத இந்த உணவு இன்று ஏன், ஏன் கசப்புக் கீரை, ஏன் புளிக்காத அப்பம் என்று பிள்ளை கேட்கும். எகிப்தில் முன்னோர் அடிமையாக இருந்ததையும் அவசரமாக வெளியேறியதையும் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளை இல்லாத வீட்டில் பெரியவர் கேட்க வேண்டும். தனியாக இருப்பவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே கேள்வியே சடங்கின் ஒரு பகுதி.

அந்தக் குடும்பங்கள் வேறொன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. டிசம்பர் 31ஆம் தேதி இரவு மரத்தை அலங்கரித்து, குடும்பமாக உட்கார்ந்து உண்ணும் ‘நோவி கோத்’ என்ற சோவியத் காலத்துப் புத்தாண்டுப் பழக்கம் அது. அது யூதப் பண்டிகையே அல்ல என்று உள்ளூரில் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அதுவும் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை. பேக்டரிக்குப் பின்னால் இருக்கும் மலையைக் கிழக்கு என்று வைத்துக்கொண்ட தோட்டத்துப் பொங்கலையும் நாம் அப்படித்தான் பார்க்க வேண்டும். புத்தகத்தில் இல்லை என்பதால் அது தவறாகிவிடாது.

நமக்கும் முன்னோடி உண்டு

பண்டிகையைக் கல்வியாக்குவது நமக்குப் புதிதல்ல. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் தமிழவேள் கோ. சாரங்கபாணி 1952இல் ‘தமிழர் திருநாள்’ விழாவைத் தொடங்கினார். பொங்கலையொட்டிச் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் நடந்த அந்த விழா, சாதி சமய வேறுபாடுகளைத் தாண்டித் தமிழரை ஒன்றுசேர்க்க முயன்றது. பேச்சும் எழுத்தும் கலையும் அதில் இடம்பெற்றன. அதே ஐம்பதுகளில் ‘தமிழ் முரசு’ நடத்திய மாணவர் மணிமன்றம் இளையோரை எழுத வைத்தது. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர் பக்கம் போன்ற பக்கங்களுக்கு அதுவும் ஒரு முன்னோடி.

மலேசிய இந்து சங்கம் சமய வகுப்புகளையும் திருமுறை ஓதும் விழாவையும் நடத்துகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். அவை தேவையானவை. பிழையின்றி ஓதப் பழகுவது பெரிய பயிற்சி. ஆனால் ஓதுவது வேறு, கேட்பது வேறு. நம் வீட்டுப் பொங்கலின் கதை எந்தப் பாடத்திட்டத்திலும் வராது. அது பாட்டியின் வாயில்தான் இருக்கிறது. பாட்டிகளுக்கு வயதாகிறது.

கேள்வி கேட்கத் தொடங்கினால் சங்கடமான கேள்விகளும் வரும் என்பது உண்மை. மாதவிலக்கு நாளில் பெண் ஏன் பானையைத் தொடக்கூடாது? ஒரே தோட்டத்தில் ஏன் சிலருக்குத் தனி வரிசை இருந்தது? இவற்றுக்கு நல்ல பதில் கிடைக்காமல் போகலாம். கிடைக்காவிட்டால் அந்தப் பழக்கத்தைக் கைவிடும் துணிச்சல் நமக்கு வரும். காரணம் தெரிந்து செய்வது நிலைக்கும். காரணம் தெரியாமல் செய்வது, வேலைப்பளு கூடும் முதல் ஆண்டிலேயே நின்றுவிடும். நகரத்துக்குப் போன எத்தனையோ வீடுகளில் நின்றுவிட்டது.

இருபது நிமிடம் போதும்

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். மூன்று சிறிய மாற்றங்களைப் பள்ளிகளும் நாமும் செய்யலாம்.

முதலாவது, பள்ளிப் பொங்கல் விழாவில் இருபது நிமிடம் கேள்வி நேரம். முதலாம் ஆண்டு மாணவர்களிடமிருந்து தொடங்கட்டும். பதில் சொல்ல அந்த வட்டாரத்தில் தோட்டத்தில் வாழ்ந்த தாத்தாவையோ பாட்டியையோ அழைக்க வேண்டும். அவர்கள் தங்கள் பேச்சுத் தமிழிலேயே பேசட்டும். யாரும் திருத்த வேண்டாம்.

இரண்டாவது, ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் கட்டுரைக்கு அமைப்பை எழுதித் தராமல், வீட்டில் ஒரு பெரியவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். முப்பது மாணவர்களிடமிருந்து முப்பது வேறு வேறு கட்டுரைகள் வரும். திருத்துவதற்கும் சலிப்பாக இருக்காது.

மூன்றாவது, என்னைப் போன்ற பல்கலைக்கழக மாணவர்களுக்கு. ஒவ்வொரு வளாகத்திலும் நம் மாணவர் அமைப்புகள் பெரிய அளவில் பொங்கல் வைக்கின்றன. அந்த மேடையில் ஆடல் பாடலுக்கு நடுவே ஒரு மூத்தவரின் குரலுக்கும் இடம் கொடுங்கள். விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது கைப்பேசியில் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று குறித்து வையுங்கள். லயங்கள் இடிக்கப்பட்டுவிட்ட ஊர்களுக்கு அந்தப் பதிவுதான் மிச்சமிருக்கும்.

மாணவ நண்பர்களே, அடுத்த பொங்கலுக்குள் உங்கள் வீட்டில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். அம்மா ‘தெரியாது’ என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். ‘யாருக்குத் தெரியும்?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு பெயர் கிடைக்கும், ஒரு தொலைபேசி எண் கிடைக்கும். அவரைக் கூப்பிடுங்கள். அவர் பேசக் காத்துக்கொண்டிருக்கலாம்.