துரையின் சீமைப் பசு

சிவகாசிக்கருகே எம். புதுப்பட்டியைச் சுற்றியுள்ளது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருஷங்களில் இத்தகைய தென் சீமை ஊர்களிலிருந்து ஜனங்கள் கடல் தாண்டிக் கண்டிக்குப் போனது பழைய கதை. அதே காலத்தில், அதே மலைகளுக்கு மாட்டுப் பண்ணை வைக்க வந்த ஓர் ஆங்கிலேயரின் கதையை நேயர்களில் பலர் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர் பெயர் சாமுவேல் பேக்கர். 1821-ல் லண்டனில் பிறந்தவர். காய்ச்சலால் நலிந்த உடம்பைத் தேற்றிக்கொள்ள நுவரெலியா சென்றவர், ஆறாயிரம் அடி உயரத்துக் குளிர்காற்றில் மயங்கி, அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே ஸ்தாபித்துவிடத் தீர்மானித்தார். 1848-ல் கப்பல் புறப்பட்டது. அதில் பண்ணை வேலைக்கு ஆட்கள். டர்ஹாம் ஜாதிப் பசு ஒன்று, கலப்பினக் காளை ஒன்று, செம்மறிக் கடாக்கள், உயர்ந்த ஜாதிக் குதிரை, வேட்டை நாய்கள். நாய்கள் எதற்கென்று கேட்க வேண்டாம். துரைக்கு விவசாயத்தைவிட வேட்டையில்தான் மோகம்.

கொழும்பிலேயே சங்கடம் ஆரம்பமாயிற்று. பசுவின் பாரம் தாங்காமல் வண்டியின் அடித்தட்டு உடைந்தது. நடத்தியே அழைத்துச் சென்றார்கள். நூறு மைலுக்கு மேற்பட்ட வழி. பாதியிலேயே பசு உயிரை விட்டது. குதிரை வண்டி பள்ளத்தில் உருண்டது. அதை மீட்க வந்த யானையைக் குடிகாரக் குதிரைக்காரன் கண்மண் தெரியாமல் விரட்ட, யானையும் மாண்டது. மலையேறிய பின் உருளைக்கிழங்கைப் புழு தின்றது. கொள்ளைநோயில் எருதுகள் அடுத்தடுத்து விழுந்தன. மனிதர் அசரவில்லை. எருவிட்டு மண்ணைத் திருத்திப் பண்ணையை நிலைநிறுத்தினார். அந்த வைராக்கியத்தை மெச்சத்தான் வேண்டும்.

இவற்றையெல்லாம் அவரே, தம்மைப் பரிகசித்துக்கொண்டு, 1855-ல் வெளியான புத்தகத்தில் எழுதியிருக்கிறார். படித்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த வருஷங்களில்தான் நம்மவர்கள் காப்பித் தோட்ட வேலைக்காக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் வைசூரியிலும் வழியிலேயே மடிந்தவர் அநேகர். துரையின் பசு மாண்ட கதையைப் புத்தகத்தில் படிக்கலாம். இவர்களுடைய பெயர்களை எங்கே தேடுவது?

பேக்கர் 1855-ல் இலங்கையை விட்டார். 1864-ல் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு, பிறகு ‘சர்’ பட்டம் பெற்றார். நம்மவர்களோ மலையிலேயே தங்கினார்கள். காப்பி அழிந்து தேயிலை வந்தது. அந்தக் கப்பல் புறப்பட்ட நூறாம் வருஷமாகிய 1948-ல், இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ல்தான் நிறைவேறிற்று.