அசுரனின் கை மட்டும் எங்களுக்கு

மாண்புமிகு தமிழ்நாடு தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

ஆம்பூரிலிருந்து எழுதுகிறேன். 2019 நவம்பரில் எங்களுக்குத் திருப்பத்தூர் மாவட்டம் என்று புது முகவரி கிடைத்தது. தொழில் பழையதுதான்: தோல், ஷூ. அந்தத் தொழில் தெரிந்தவன் வீடியோ கேம் பற்றி உங்களுக்கு ஏன் மடல் எழுத வேண்டும் என்று தோன்றலாம். விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் என்று டைடல் நியோ தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் எழும்பியதைப் பார்த்தோம். அனிமேஷனும் வீடியோ கேமும் சிறு நகரங்களுக்கு வேலை கொண்டுவரும் என்று அரசு மேடைகளில் பேசப்படுவதையும் கேட்கிறோம். வரட்டும், மகிழ்ச்சி. எங்கள் பிள்ளைகள் பெங்களூரு ரயிலில் நின்றுகொண்டே போய்வருவது குறையும். ஆனால் வருவது எந்த வேலை என்பதில் எங்களுக்கு ஒரு கவலை இருக்கிறது. இந்த ஊர்க்காரனுக்கு அந்தக் கவலை கொஞ்சம் சீக்கிரமே வரும்.

என் அக்கா மகன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் அனிமேட்டர். வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு ஜாப் ஒர்க் செய்து தரும் கம்பெனி. பொங்கலுக்கு வந்தவன் லேப்டாப்பில் தன் வேலை எப்படிப்பட்டது என்று காட்டினான். திரை முழுக்க ஒரு ராட்சதக் கை. தோளிலிருந்து விரல் நுனிவரை அத்தனை நரம்பும் தெரிந்தது. அந்தக் கை மேலே ஓங்கி, ஒரு கணம் நின்று, தரையில் அறைகிறது. ஓங்குவதற்கும் அறைவதற்கும் இடையில் இருபது பிரேம் வைத்திருந்தானாம். நொடிக்கு அறுபது பிரேம் ஓடும் விளையாட்டில் அது நொடியில் மூன்றில் ஒரு பங்கு. ஆடுகிறவன் கையைப் பார்த்து விலகி ஓடக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். பன்னிரண்டாகக் குறை என்று எக்செல் தாளில் ஒரு வரி வந்தது, குறைத்து அனுப்பிவிட்டான். எதற்குக் குறைத்தார்கள், ஆடுகிறவன் எவ்வளவு வேகமாக ஓடுவான், கையில் கத்தி வைத்திருப்பானா வில் வைத்திருப்பானா, அந்த அசுரன் எதற்காக அங்கே நிற்கிறான் என்றெல்லாம் கேட்டேன். "தெரியாது மாமா, கை மட்டும்தான் நமக்கு" என்றான். விளையாட்டின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. ஒரு சங்கேதப் பெயரோடு சரி.

பக்கத்து அறையில் அக்கா இருந்தாள். இருபது வருடமாக ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிறவள். அவளிடம் அந்த ஷூவை யார் போடுவார்கள் என்று கேட்டால் இதே பதிலைத்தான் சொல்வாள்.

விளையாட்டுப் பழக்கம் இல்லாதவர்களும் இந்த மடலைப் படிப்பார்கள் என்பதால் ஒரு விளக்கம். ஒரு கட்டம் முடியும் இடத்தில் வழியை மறித்து நிற்கும் பெரிய எதிரிக்கு 'பாஸ்' என்று பெயர். அதுவரை விளையாட்டு உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் அந்தச் சண்டை மொத்தமாகக் கேட்டு வாங்கும். சொல்லிக்கொடுக்காததைக் கேட்டால் ஆடுகிறவனுக்கு ஆத்திரம் வரும். அதனால் விளையாட்டை முழுதாக அறிந்தவரால்தான் பாஸ் சண்டையை ஒழுங்காக அமைக்க முடியும்.

இதை மீறியதால் என்ன ஆனது என்பதற்குத் துறையில் எல்லோரும் சொல்லும் உதாரணம், 2011 ஆகஸ்டில் வந்த 'டியஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்'. கனடாவின் மான்ட்ரியல் நகரில் இருந்த ஐடோஸ் நிறுவனம் செய்தது. அதன் பெருமையே உங்கள் வழி உங்களுக்கு என்பதுதான். துப்பாக்கியால் சுடலாம், இருட்டில் ஒளிந்து போகலாம், கணினிகளுக்குள் புகுந்து கதவு திறக்கலாம், பேசியே ஆளை மடக்கலாம். கதாநாயகன் ஆடம் ஜென்சனின் உடம்பில் பொருத்தும் கருவிகளையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுத்து வளர்க்கலாம். யாரையும் கொல்லாமல் ஆட்டத்தை முடிப்பவருக்குத் தனி விருதே உண்டு.

முதல் பாஸ் வரும்வரை எல்லாம் சரியாகத்தான் போகும். பிறகு கதவு மூடிக்கொள்ளும். எதிரே கையே இயந்திரத் துப்பாக்கியாக மாறிய பாரெட் நிற்பான். ஒளிய வழியில்லை, பேச வழியில்லை. மயக்க ஊசியும் ஹேக்கிங்கும் மட்டுமே வளர்த்து வந்தவர்கள் அந்த அறைக்குள் செத்துச் செத்து எழுந்தார்கள். கொல்லாமை விருதிலும் பாஸ் சாவுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். இங்கே வேறு வழி கிடையாது என்று விளையாட்டே ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிற்று.

பாஸ் சண்டைகளை ஐடோஸ் தானே செய்யவில்லை, கிரிப் என்டர்டெய்ன்மென்ட் என்ற நிறுவனத்துக்கு வெளியே கொடுத்திருந்தது என்பது பிறகுதான் பலருக்கும் தெரிந்தது. அவர்களும் மான்ட்ரியல்காரர்கள்தான். அவர்களின் தலைவர் ஒரு காணொளியில் தன்னைத் துப்பாக்கி விளையாட்டுக்காரர் என்று சொல்லிக்கொண்டார், டியஸ் எக்ஸ் உலகம் தனக்கு அதிகம் பழக்கமில்லை என்றும் சொன்னார். உலகம் முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தார்கள். எனக்கு அந்தத் திட்டில் உடன்பாடு கிடையாது. கேட்ட பொருளை அவர்கள் கொடுத்தார்கள். விளையாட்டின் உயிரான இடத்தைத் தனித் துண்டாக வெட்டி வெளியே அனுப்பலாம் என்று முடிவெடுத்த மேசைதான் பதில் சொல்ல வேண்டும். ஐடோஸில் வடிவமைப்பைக் கவனித்தவரே அடுத்த ஆண்டு ஒரு மாநாட்டு மேடையில் அதற்கு வருத்தம் தெரிவித்தார். 2013-இல் வந்த திருத்திய பதிப்பில் அறைகளைப் பெரிதாக்கினார்கள், ஹேக் செய்யக் கணினிகள் வைத்தார்கள், ஒளிந்து நகர வழி விட்டார்கள். அப்போதும் பாஸ் செத்துத்தான் ஆக வேண்டும். ஏற்கெனவே கட்டி முடித்த கதையின் எலும்பை அதற்குமேல் மாற்ற முடியவில்லை.

ஷூ ஊர்க்காரனுக்கு இதில் ஆச்சரியம் குறைவு. இங்கே பேட்டர்ன் வெளிநாட்டிலிருந்து வரும். அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதும் வரும். ஷூவுக்கு வடிவம் தரும் கட்டையும், வாங்குகிற பையர் ஒப்புக்கொண்டதாகத்தான் இருக்க வேண்டும். அப்பரில் ஒரு மில்லிமீட்டர் பிசகு இருந்தால் தைக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. லாஸ்டிங்கில் கட்டைமேல் இழுத்து ஏற்றும்போது முனையில் மடிப்பு விழும். அப்போது பழி தைத்தவள் தலையில். கட்டையையே பார்க்காதவள் எப்படித் திருத்துவாள்?

ஆனாலும் அப்பர்வரை வந்ததே ஒரு அரசு முடிவால்தான் என்பதைத் தங்களுக்கு நினைவூட்ட வேண்டும். ஒரு காலத்தில் இந்தப் பகுதி பாதி பதப்படுத்திய தோலை அப்படியே கப்பலேற்றிக்கொண்டிருந்தது. 1972-இல் அரசின் சீதாராமையா குழு அது போதாது என்றது. முழுதாக முடித்த தோலாக, பிறகு பொருளாக ஏற்றுமதி செய்யுங்கள் என்று சொன்னது. பாதித் தோல் ஏற்றுமதிக்கு அளவு கட்டினார்கள், வரி போட்டார்கள். சின்ன டேனரிகள் அடிபட்டன, திட்டினார்கள். அந்த வலியையும் மறைக்கக் கூடாது. ஆனால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பினிஷிங் வந்ததும், அப்பர் வந்ததும், முழு ஷூ வந்ததும் அந்தத் திருப்பத்துக்குப் பிறகுதான். கழிவும் இங்கேயே தங்கியது, பாலாறு சாட்சி, தோல் கழிவு பற்றிய 1996-இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சாட்சி. இவ்வளவு தூரம் வந்தும், டிசைனும் பிராண்டும் இன்னும் பெரும்பாலும் கடலுக்கு அந்தப் பக்கம்தான். ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடியும் ஏணியின் கடைசி இரண்டு படி எங்களுக்குக் கிட்டவில்லை. வீடியோ கேமில் முதல் படியிலேயே உட்காரவைத்துவிட்டு, அதற்கும் மானியம் கொடுத்துவிடாதீர்கள் என்பதே என் விண்ணப்பம்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 2012-லேயே அனிமேஷன், கேமிங் துறைக்குத் தனிக் கொள்கை போட்டது கர்நாடகம். இந்தியாவின் முன்னோடிக் கேம் நிறுவனமான துருவா இன்டராக்டிவ் பெங்களூருதான். உலகப் புகழ்பெற்ற கார் பந்தய விளையாட்டுகளுக்கு அவர்கள் கார் செய்து கொடுத்தார்கள், அருமையான கைவேலை. பிறகு ஸ்வீடன் நிறுவனம் ஒன்று அதை வாங்கியது. அந்த ஸ்வீடன் நிறுவனத்துக்குப் பணமுடை வந்ததும் 2019-இல் துருவா, ராக்ஸ்டார் என்ற கேம் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2025 பிப்ரவரியில் பாரிஸில் டெக்னிகலர் என்ற விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனம் நொடித்தபோது பெங்களூரிலும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அவர்கள் வேலையில் யாரும் குறை காணவில்லை. தீர்மானிக்கும் இடம் வேறெங்கோ இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. புனேயில் ஒரு சிறு குழு 2020-இல் 'ராஜி' என்ற விளையாட்டைத் தானே எழுதி, தானே பாஸ்களையும் அமைத்து வெளியிட்டது. டொரண்டோவில் ஒரு தமிழர் முன்னின்று செய்த 'வெண்பா' 2023-இல் வந்தது. இட்லியும் பிரியாணியும் சமைக்கும் குட்டி விளையாட்டு, பாஸ் சண்டையே கிடையாது. மறு ஆண்டு பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருது அதற்குத்தான். தமிழ் வீட்டுச் சமையலறை உலக மேடை ஏறக் கனடாவுக்குப் போய்வர வேண்டியிருந்தது என்பது எனக்கு ஒரு உறுத்தல்.

ஜாப் ஒர்க் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சோறு போடுவது அதுதான், எங்கள் ஊரே அதில்தான் நிற்கிறது. ஆனால் சலுகை கேட்டு வரும் கம்பெனியிடம் எத்தனை நாற்காலி என்று கேட்கும் படிவத்தில் இன்னும் சில கேள்விகள் இருக்கட்டும். வேலை செய்கிறவருக்கு, அந்தத் துண்டு எந்த விளையாட்டில் போய்ச் சேர்கிறதோ அதை ஓட்டிப் பார்க்கக் கொடுப்பீர்களா? ரகசிய ஒப்பந்தம் இருந்தால் இருக்கட்டும். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆடவிடலாமே. ஒரு முழு எதிரியையோ, ஒரு முழுக் கட்டத்தையோ, எண்ணத்திலிருந்து இறுதிவரை இந்த ஊர்க் குழுவே பொறுப்பேற்றுச் செய்யும் வேலை வருடத்துக்கு ஒன்றாவது உண்டா? முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் கம்பெனி பெயரோடு ஆட்களின் பெயரும் வருமா? ஆம் என்பவருக்கு மானியம் கூடுதலாகவும், இல்லை என்பவருக்குக் குறைவாகவும் இருந்தால் போதும், மற்றதைக் கம்பெனிகளே பார்த்துக்கொள்ளும்.

நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் மென்பொருள் இயக்கச் சொல்லித்தருகிறீர்கள், நல்லது. அதோடு மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து பத்து நிமிடம் ஓடும் ஒரு விளையாட்டை, ஒரு பாஸ் சண்டையோடு, முழுதாக முடித்துக் காட்ட வேண்டும் என்று வையுங்கள். வாணியம்பாடியிலும் திருப்பத்தூரிலும் உள்ள கல்லூரிகளில் அதற்கு ஒரு கணினி அறை போதும். முதல் வருடம் வருபவை மட்டமாகத்தான் இருக்கும். ஆனால் இருபது பிரேமை ஏன் பன்னிரண்டாக்கச் சொல்கிறீர்கள் என்று பையரிடம் திருப்பிக் கேட்கும் பிள்ளைகள் அந்த அறையிலிருந்துதான் வருவார்கள்.

அடுத்த முறை வேலூர்ப் பக்கம் வரும்போது ஆம்பூருக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு அப்பர் யூனிட்டுக்குக் கூட்டிப்போகிறேன். அக்கா மகனையும் லீவு போட்டு வரச்சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஆம்பூர்க்காரன் ஒருவன்